மவுசருக்குப் பொருந்திய தோட்டா

என் கணவன் லைல் போன வருஷம் சுட்ட மான், பக்கத்துப் பண்ணை ஆர்ஃபா டில்லட்சனின் ஊற்றுத் தொட்டியில் செத்துக் கிடந்தது. அவன் சுட்டது வேட்டை சீசன் தொடங்கிய திங்கட்கிழமை. அவள் அதைக் கண்டது அந்த வாரக் கடைசியில், பால் கேன்களைக் குளிர வைக்கும் தண்ணீர் நிறம் மாறி வந்த பிறகு.

ஆர்ஃபா கூச்சல் போடுகிறவள் இல்லை. டிராக்டருக்குப் பின்னால் கல் இழுக்கும் பலகையைக் கட்டி, அதில் மானைப் போட்டு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சாலை வழியாக மெதுவாக இழுத்துவந்து எங்கள் வாசலில் நிறுத்தினாள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். லைல் வாயில் அப்பத்தோடு வெளியே ஓடினான்.

"இது உன்னோடதுன்னு நினைக்கிறேன்," என்றாள்.

லைல் மானைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "இருட்டற வரைக்கும் தேடினேன் ஆர்ஃபா. மறுநாளும் தேடினேன். பனி பெஞ்சு தடத்த மூடிடுச்சு."

"தேடினே, சரி. இங்க பாரு." குனிந்து மானின் விலாவில் விரலை வைத்தாள். "இந்தப் பக்கம் பென்சில் தடிமன்ல ஓட்டை. அந்தப் பக்கமும் அதே பென்சில் தடிமன். உள்ள போன குண்டு அப்படியே வெளிய போயிருக்கு. பாவம், இது எத்தன நேரம் நடந்துச்சோ. தாகத்துல தண்ணிய தேடி வந்திருக்கு. எத வச்சுச் சுட்டே?"

"பட்டாளத்துத் தோட்டா. பழைய ஜெர்மன் சரக்கு. கடையில பீப்பாயில போட்டு வித்தாங்க."

"ஈயம் வெளிய தெரியாம மூடின குண்டா?"

லைல் தலையாட்டினான்.

"அது மானுக்குச் செஞ்சதில்ல. சட்டமும் கூடாதுங்குது. உனக்குத் தெரியாதா?"

ஆர்ஃபா கயிற்றை அவிழ்த்து மானை எங்கள் வாசலிலேயே விட்டுவிட்டு டிராக்டரைத் திருப்பினாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வாரம் அவளுடைய வேலி நெடுக வெள்ளைப் பலகைகள் முளைத்தன. 'வேட்டைக்கு அனுமதி இல்லை.' மேட்டுக் காட்டுக்கு எங்களுக்கு இருந்த ஒரே வழி அவள் நிலத்தின் ஊடாகத்தான். லைல் இழந்தது அந்தக் காடு. நான் இழந்தது வேறு. வியாழக்கிழமை சாயங்காலங்களில் நானும் ஆர்ஃபாவும் சீட்டாடுவோம். அவள் கணவனும் இல்லாமல், கூட இருந்த அண்ணன் ஹார்லனும் போன பிறகு, அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருபது மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மட்டும் வேலையை முடித்து, முகம் கழுவி, என் சமையலறையில் வந்து உட்காருவாள். அது நின்றுபோனது. சர்ச்சில் பார்த்தால், "எப்படி இருக்கே நெட்ரா?" என்பாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள்.

அடுத்த அக்டோபரில் லைல் அந்த மவுசர் துப்பாக்கியை எடுத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அந்த மானைச் சுடுவதற்கு முந்தைய கோடையில் ஏலத்தில் பிடித்தது. ஜெர்மன் பட்டாளத்துத் துப்பாக்கி. போரிலிருந்து திரும்பியவர்கள் எங்கள் மாவட்டத்துக்குக் கொண்டுவந்தவை எத்தனையோ இருந்தன, அவற்றில் ஒன்று.

"அத வித்துத் தொலையேன்," என்றேன். "என் தம்பிகிட்ட ரெண்டு துப்பாக்கி இருக்கு. ஒண்ண வாங்கிக்கலாம்."

"துப்பாக்கி மேல தப்பு இல்ல நெட்ரா. தோட்டா மேலதான் தப்பு. நான் சரியான தோட்டாவ வாங்காம விட்டேன். இந்த வருஷம் வாங்கப் போறேன்."

"வாங்கி எங்க போய் சுடுவே? வேலி பூரா பலகை."

"அரசாங்கக் காட்டுல சுடுவேன். ஆத்துக்கு அந்தப் பக்கம். எங்க சுட்டாலும், இன்னொரு தடவ அப்படி ஒரு மான் சாகக் கூடாது."

லைல் சாலைத்துறை ஷெட்டில் பனி தள்ளும் லாரிகளைப் பழுது பார்க்கிறவன். இயந்திரம் ஒன்று சொன்னபடி கேட்கவில்லை என்றால், ஏன் என்று தெரியும்வரை தூங்கமாட்டான். அந்த முகம் இப்போது வந்திருந்தது.

கடையில் அந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொல்லி, வேட்டைக்கென்று செய்த தோட்டா ஒரு பெட்டி வாங்கிவந்தான். மூக்கு நுனியில் சாம்பல் நிறத்தில் ஈயம் தெரியும். உடம்பில் பட்டதும் அந்த ஈயம் காளான் குடைபோல விரியும், மான் அங்கேயே சாயும் என்று எனக்கு விளக்கினான். சனிக்கிழமை சரளைக் குழிக்குப் போய், காகிதத் தட்டுகளைக் கரையில் குத்தி வைத்துச் சுட்டான். நான் காரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவன் கையிலிருந்த தட்டில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் விளிம்பில்.

"கண்ணாடி போடணுமோ என்னவோ," என்றேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதப் பாரு."

சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளை என் மடியில் கொட்டினான். இரண்டு மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தன. மற்றவை பருத்து, கழுத்தே இல்லாத பாட்டில்போல இருந்தன.

"போன வருஷமும் இப்படித்தான் வந்துச்சு. பழைய சரக்கு, அதான் பிளக்குதுன்னு நினைச்சேன். இது புதுசு. புதுசும் பிளக்குது."

"அப்ப சுடாதே, லைல். மூஞ்சி போயிடும்."

"சுடல. காசிமிர் கடைக்குப் போறேன்."

காசிமிர் வோலக் எங்கள் ஆல்டர் ரன் ஊரின் முடிதிருத்துபவர். கடையின் பின்னறையில் துப்பாக்கி பழுது பார்ப்பார். அக்டோபர் வந்துவிட்டால் முன்னறையில் பாதி முடி வெட்டிய தலையோடு ஆட்கள் காத்திருப்பார்கள். அவர் பின்னறையில் இருப்பார். அவரும் லைலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எனக்கும் முடியை ஓரம் நறுக்க வேண்டியிருந்தது. அதனால் கூடப் போனேன்.

நாற்காலியில் மரலாரி ஓட்டும் டென்னி உட்கார்ந்திருந்தான். லைல் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் டென்னி கழுத்துத் துணிக்குள்ளிருந்து கையை நீட்டினான்.

"இதுக்குப் போயி புதுசு வாங்கினியா? பட்டாளத்துத் தோட்டா மிச்சம் இருக்குல்ல? மூக்க அரத்தால ராவிடு. ஈயம் வெளிய தெரிஞ்சுடும். வேட்டைத் தோட்டா ஆயிடும். எங்க மாமா அப்படித்தான் செய்வாரு."

"உங்க மாமா இன்னும் உசுரோட இருக்காரா?" என்று காசிமிர் கேட்டார்.

"இருக்காரு."

"அது அவரு அதிர்ஷ்டம். டேய் லைல், இவன் பேச்சக் கேட்டே, உன் முடிய இனிமே நான் தொடமாட்டேன். மூடின குண்டுக்கு அடிப்பக்கம் ஏற்கெனவே தெறந்துதான் இருக்கும். மூக்கையும் ராவிட்டா ரெண்டு பக்கமும் தெறந்த குழாய். ஈயம் மட்டும் பறந்துடும், உறை குழலுக்குள்ளயே சிக்கிக்கும். அடுத்த குண்டு அதுல போய் முட்டும். அப்புறம் நெட்ரா கறுப்புத் துணி வாங்க வேண்டியதுதான்."

"நான் சும்மா சொன்னேன்," என்றான் டென்னி.

"நீ சும்மா தலைய ஆட்டாம உக்காரு."

லைல் பிளந்த கூடுகளை அவர் கையில் வைத்தான். காசிமிர் அவற்றைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் கண்ணாடி அலமாரி மேல் நிறுத்திப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இது வீங்கினது இல்லடா. உள்ள இடம் அதிகமா இருக்கு. அந்த இடத்த நெரப்பப் போயிருக்கு. இரு, அளவெடுத்துருவோம்."

அவர் அளவெடுத்த விதத்தை ஊரே ஒரு மாதம் பேசியது. பின்னறை அடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் கந்தகத்தை உருக்கினார். குழலின் உள்ளே துணியை அடைத்து, தோட்டா உட்காரும் அறையில் உருகிய கந்தகத்தை ஊற்றினார். கெட்டியானதும் மறுமுனையிலிருந்து கம்பியால் தட்டி வெளியே எடுக்கலாமாம். அதற்குள் நாற்றம் முன்னறைக்கு வந்துவிட்டது. டென்னி துணியோடு எழுந்து தெருவுக்கு ஓடினான், பாதித் தலையோடு. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். லைலும் காசிமிரும் ஒன்றும் நடக்காததுபோல நின்றிருந்தார்கள்.

கம்பியால் தட்டியதும் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி விழுந்தது. தோட்டாவின் அதே வடிவம். ஆனால் லைல் வாங்கிய தோட்டாவைவிட ஒரு விரல்நுனி அளவு நீளம்.

"பாத்தியா?" என்றார் காசிமிர். "இதுக்குப் பேரு ஜெர்மன் பேரு. வயிறு அமெரிக்கா வயிறு. போர் முடிஞ்ச புதுசுல ஜெர்மன் தோட்டா இங்க கெடைக்கல. நம்ம பட்டாளத்துத் தோட்டாக் கூடு எங்க பாத்தாலும் கெடந்துச்சு. அதனால யாரோ இந்த அறைய நீளமாக் கடஞ்சு, நம்ம கூடு உள்ள போற மாதிரி செஞ்சுட்டாங்க. ஆனா குழலோட வாய் ஜெர்மன் அளவுதான், அத மாத்தல. அதனால நம்ம கூட்டோட கழுத்த அகலமாக்கி, அதுல ஜெர்மன் அளவு குண்ட வைக்கணும்."

"அந்தத் தோட்டா எங்க விக்குது?"

"எங்கயும் விக்காது. வீட்டுலதான் கட்டணும். அதுக்குன்னு தனி அச்சு வேணும். இந்தத் துப்பாக்கிய வச்சிருந்தவன்கிட்ட கண்டிப்பா இருந்திருக்கும். யாரோடதுன்னு விசாரி. அதுவரைக்கும் ஒரு தோட்டாவும் போடாத. உள்ள அடி ஒண்ணும் படல, தோட்டாவ பின்னாலருந்து அடைக்கிற பூட்டு நல்லாத்தான் இருக்கு. இதுவரைக்கும் தப்பிச்சே."

ஏலக்காரரை லைல் அன்றே போய்ப் பார்த்தான். அவர் நெற்றியைச் சொறிந்து யோசித்துவிட்டு, அது டில்லட்சன் பண்ணையிலிருந்து வந்தது என்றார். ஹார்லன் இறந்த பிறகு ஆர்ஃபா அனுப்பிய சாமான்களோடு வந்ததாம். அவள் துப்பாக்கியை ஒரு போர்வையில் சுற்றி, யார் எடுத்தார்கள் என்றுகூடக் கேட்காமல் அனுப்பிவிட்டாளாம்.

அன்று இரவு லைல் சாப்பாட்டு மேஜையில் கந்தகக் கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"நான் போய் கேக்கறேன்," என்றேன்.

"வேணாம். சுட்டது நான்."

"அப்ப ரெண்டு பேரும் போவோம்."

மறுநாள் பால் கறக்கும் நேரத்தில் போனோம். ஆர்ஃபா ஒரு மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக் கறந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள், கறப்பதை நிறுத்தவில்லை.

"வழி தவறிட்டீங்களா?"

"இல்ல ஆர்ஃபா," என்றான் லைல். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். "ஒண்ணு கேக்கணும். இதப் பாருங்க."

கட்டியை நீட்டினான். அவள் ஒரு கையால் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதென்ன, கல்கண்டா?"

"துப்பாக்கியோட உள்பக்கம். போன வருஷம் அந்த மானைச் சுட்டது... அந்தத் துப்பாக்கி உங்க அண்ணனோடது. எனக்கு நேத்துதான் தெரியும்."

பால் வாளியில் விழும் சத்தம் நின்றது. மாடு திரும்பிப் பார்த்தது.

"ஹார்லன் துப்பாக்கியா?" என்றாள். மிகவும் மெதுவாகக் கேட்டாள். "ஹார்லன் துப்பாக்கியிலயா அப்படிச் சுட்டே? அவன் பன்னெண்டு வருஷம் அத வச்சு வேட்டையாடினான். ஒரு மானக்கூட அடிபட்டு நடக்க விட்டதில்ல. சரியா நிக்கலன்னா சுடாம திரும்பி வந்துடுவான். வெறுங்கையோட வருவான், நான் கிண்டல் பண்ணுவேன்."

"தோட்டா தப்பா இருந்துச்சு. சரியானத கட்டறதுக்கு அச்சு வேணும். உங்ககிட்ட இருக்குமான்னு..."

"வெளிய போங்க."

"ஆர்ஃபா," என்றேன் நான்.

"நீயும்தான், நெட்ரா. மாடு பயப்படுது."

மாடு பயப்படவில்லை. நாங்கள் வெளியே வந்தோம். காரில் ஏறியதும் லைல் தொப்பியை மாட்டிக்கொண்டான். "கேட்டிருக்கவே கூடாது," என்றான். "நாளைக்குத் துப்பாக்கிய கொண்டுவந்து அவங்ககிட்டயே குடுத்துடறேன்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

ஆனால் மறுநாள் வண்டி ஓட்டுகிற அளவுக்குச் சாலை இல்லை. மழை உறைந்து கண்ணாடியாகிவிட்டது. லைல் இரண்டு நாள் ஷெட்டிலேயே இருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிச் சமையலறை வேலை முடிந்து வந்து ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவு உதைபட்டது. திறந்தால் ஆர்ஃபா நிற்கிறாள், இரண்டு கையிலும் ஒரு ஆப்பிள் பெட்டி. முகம் கழுவியிருந்தாள்.

"நகரு. கனமா இருக்கு."

பெட்டியை மேஜையில் வைத்தாள். உள்ளே நெம்புகோல் வைத்த ஒரு இரும்புக் கருவி, எண்ணெய்த் துணியில் சுற்றிய அச்சுகள், ஒரு குட்டித் தராசு, காப்பி டப்பா நிறையப் பித்தளைக் கூடுகள், பிரிக்காத குண்டுப் பெட்டிகள்.

அப்போதுதான் ஷெட்டிலிருந்து திரும்பியிருந்த லைல் சமையலறை வாசலில் வந்து நின்றான். ஆர்ஃபா அவனைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"நல்லா கேட்டுக்கோ லைல். துப்பாக்கிய வித்தப்ப நான் இதெல்லாம் கூட அனுப்பியிருக்கணும். அதத் தொட மனசு வரல, அதனால பரண்ல போட்டுட்டேன். தோட்டா இல்லாத துப்பாக்கிய ஊருக்குள்ள விட்டது என் தப்பு. மிச்சம் எல்லாம் உன் தப்பு."

"ஆமா," என்றான் லைல்.

"சரி. உக்காரு. எதையும் தொடாத."

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவள் அந்தக் கருவியை எங்கள் மேஜை விளிம்பில் திருகிய வேகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "இதெல்லாம் நீயா கட்டினே?"

"பின்ன? ஹார்லன் கை போருக்கப்புறம் நடுங்கும். சுடும்போது நடுங்காது, அது அதிசயம். ஆனா தராசுல வெடிமருந்து நிறுக்கச் சொன்னா மேஜையெல்லாம் கொட்டுவான். அவன் சுடுவான், கட்டறது நான். மாடு கறந்துட்டு உக்காந்து கட்டுவேன்." அவள் மருந்து டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்தாள். "புளிச்ச வாடை. இது போச்சு. வசந்தத்துல ரோஜாச் செடிக்கு உரமாக் கொட்டு. புது டப்பா வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

"எந்தக் குண்டு?" என்று லைல் கேட்டான். ஒரு பெட்டியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

"உனக்கு என்ன தோணுது?"

"லேசானது வேகமாப் போகும்."

"வேகமாப் போயி தோள் எலும்புல பட்டு உடைஞ்சுடும். தோள் பூரா சின்னாபின்னமாகும், மான் ஓடும். ரொம்பக் கனமானது கரடிக்கு. நம்ம மானுக்கு இந்த நடுவுல உள்ளதுதான். ஈய மூக்கு. உள்ள போனதும் விரியும், ஆனா உடையாது. மருந்தும் நான் குறைச்சுத்தான் போடுவேன். இது கிழட்டு இரும்பு. இதுகிட்ட போயி வீரம் காட்டக் கூடாது."

அன்று சீட்டு ஆடவில்லை. நான் நெம்புகோலை இழுத்தேன்; அவள் மருந்தை நிறுத்தாள்; லைல் ஒவ்வொரு கூட்டையும் துணியால் துடைத்து வரிசையாக நிறுத்தினான். அந்த வேலையை மட்டும் அவனுக்குக் கொடுத்தாள். அடுப்பில் வைத்த ரொட்டியை மறந்துவிட்டோம், கருகியது. கருகின பகுதியை வெட்டிவிட்டு வெண்ணெய் தடவித் தின்றோம். போகும்போது ஆர்ஃபா துப்பாக்கியைக் கேட்டாள். லைல் கொண்டுவந்து கொடுத்தான். தோளில் வைத்து ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தாள், பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சதும் சரளைக் குழிக்கு வா. நான் பாக்காம ஒரு மானைக்கூட நீ இத வச்சுச் சுடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை நல்ல குளிர். ஆர்ஃபா காகிதத் தட்டில் பென்சிலால் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். லைல் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து மூன்று முறை சுட்டான். கூடுகள் பிளக்காமல், கழுத்தோடு, பளபளவென்று வந்து விழுந்தன. அவன் முதலில் அவற்றைத்தான் எடுத்துப் பார்த்தான். தட்டைப் போய்ப் பார்த்தால் ஓட்டையே இல்லை. அவன் தோள் தொங்கிவிட்டது.

"மேல பாரு, மேல," என்றாள் ஆர்ஃபா.

தட்டுக்கு ஒரு சாண் மேலே, மண்ணில் மூன்று ஓட்டைகள். மூன்றையும் என் உள்ளங்கையால் மூடிவிடலாம்.

"ஜெர்மன்காரன் தூரத்துல நிக்கற ஆளுக்காக வச்ச குறி அது. பக்கத்துல சுட்டா மேலதான் போகும். ஹார்லன் மானோட வயித்துக் கோட்டுல குறி வைப்பான், நெஞ்சுல விழும். தட்டுக்கு நல்லாக் கீழ பிடி."

லைல் தட்டுக்குக் கீழே பிடித்துச் சுட்டான். மூன்றும் தட்டில். பிறகு உட்கார்ந்து சுடச் சொன்னாள், பிறகு மரத்தில் சாய்ந்து நின்று. நின்று சுட்டபோது ஒன்று தட்டை விட்டு விலகியது.

"அப்ப நின்னு சுடாத," என்றாள். அவ்வளவுதான். வண்டியில் ஏறும்போது திரும்பி, "மேட்டுக் காட்டுக்கு என் கொட்டகைப் பக்கமா வா. நாய் குரைக்கும், கண்டுக்காத," என்றாள்.

சீசன் தொடங்கிய திங்கட்கிழமை பள்ளி விடுமுறை. நான் ஆர்ஃபா வீட்டில் அவளோடு ஆப்பிள் வெட்டிக்கொண்டிருந்தேன். மலை முழுக்க வெடிச்சத்தம் கேட்டது, தூரத்தில். எங்கள் மேட்டிலிருந்து ஒன்றும் இல்லை. இருட்டியதும் லைல் வந்தான், மீசையில் பனி.

"ஒண்ணும் வரலயா?" என்றேன்.

"வந்துச்சு. பெரிய கொம்பு. புதருக்குள்ள நின்னுச்சு. பின்பக்கம் மட்டும் தெரிஞ்சுது. அப்புறம் போயிடுச்சு."

"சுடலயா?" என்று ஆர்ஃபா கேட்டாள்.

"இல்ல."

அவள் உருளைக்கிழங்குத் தட்டை அவன் பக்கம் தள்ளினாள். இன்னும் எடுத்துக்கொள் என்று இரண்டாவது தடவையும் தள்ளினாள்.

சனிக்கிழமை காலையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரே ஒன்று. ஆர்ஃபாவும் நானும் கொட்டகையில் இருந்தோம். இரண்டாவது கேட்கிறதா என்று காத்திருந்தோம், கேட்கவில்லை. நேரம் போனது. பிறகு லைல் வயல் ஓரமாக நடந்து வருவது தெரிந்தது. கையில் துப்பாக்கி மட்டும். இழுப்பதற்கு எடுத்துப் போன கயிறு தோளிலேயே சுற்றியிருந்தது. மறுபடியுமா? ஆர்ஃபாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

லைல் கொட்டகை வாசலில் நின்று தொப்பியை எடுத்தான்.

"ஆர்ஃபா, உங்க வயல் வழியா இழுத்துட்டு வரலாமா? புல்லு விதைச்சிருக்கீங்க. கேக்காம வரவேணாம்னு..."

"விழுந்துடுச்சா?" நான் கத்தியே விட்டேன்.

"விழுந்துடுச்சு. நின்ன எடத்துலேந்து அந்தக் கதவு வரைக்கும்கூட ஓடல."

ஆர்ஃபா டிராக்டர் சாவியை எடுத்தாள்.

இரண்டு கிளைக் கொம்புள்ள இளம் மான். பனியில் அமைதியாகப் படுத்திருந்தது. ஆர்ஃபா முழங்காலிட்டு நெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தாள், புரட்டி மறுபக்கத்தையும் பார்த்தாள். கையைப் பனியில் துடைத்தாள்.

"வலிச்சிருக்காது," என்றாள். லைலின் கண் நிறைந்துவிட்டது. குளிர்காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாங்கள் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

கல் இழுக்கும் பலகையில் மானைக் கட்டினோம். கொட்டகைக்குத் திரும்பும்போது லைல் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி ஆர்ஃபாவிடம் நீட்டினான்.

"இது உங்க வீட்டுது. வச்சுக்கோங்க. நான் மச்சானோடத வாங்கிக்கறேன்."

"எனக்கெதுக்கு? மான் கறி திங்கப் பிடிக்கும். அதுக்காகக் குளிர்ல உக்காந்து நடுங்கறது பிடிக்காது. நீயே வச்சுக்க. அச்சு மட்டும் என்கிட்டயே இருக்கும். தோட்டா வேணும்னா வந்து கேளு. உன்னை நம்பி மருந்து நிறுக்க விடமாட்டேன்."

"வேலிப் பலகை?" என்று நான் கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இருக்கட்டும். பெயின்ட் அடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. டென்னி மாதிரி ஆளுங்க படிக்கட்டும்."

அன்று சாயங்காலம் ஈரலை வெங்காயத்தோடு வறுத்துத் தின்றோம். ஞாயிறு முழுக்க ஆர்ஃபாவின் சமையலறையில் கறியை வெட்டி, உப்பிட்டு, ஜாடிகளில் அடைத்து, பெரிய பானையில் கொதிக்க வைத்தோம். ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீராவி. லைல் எலும்பிலிருந்து கறியைச் சுரண்டிக்கொண்டிருந்தவன், நாற்காலியிலேயே கத்தியைப் பிடித்தபடி தூங்கிவிட்டான். ஆர்ஃபா கத்தியை மெல்ல உருவி எடுத்து, அவன் மடியிலிருந்த பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்சத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

"மூடிய இறுக்கித் திருகு நெட்ரா," என்றாள். "போன தடவ நீ திருகினது ரெண்டு கெட்டுப்போச்சு."

"அது நான் திருகல. நீ திருகினது."

"பாக்கலாம்," என்றாள்.